பேட்டர்ன் என்னக்கா?

நான் வேலை பார்ப்பது வங்கியில், கவுன்ட்டரில். ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடமாவது சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு: "பின் நம்பரை யாருக்கும் சொல்லாதீங்க, பேங்க்லேர்ந்து பேசறோம்னு கேட்டாலும் சொல்லாதீங்க." ஏடிஎம் கார்டின் பின்பக்கமே பேனாவால் நம்பரை எழுதி வைத்திருக்கும் பெரியவர்களைக் கடிந்துகொண்டிருக்கிறேன். அப்படிப்பட்ட நான், 2023 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை, சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் முன்பின் தெரியாத ஒரு பையன் கேட்டதும் என் போனின் பூட்டை ஒரே எழுத்தில் சொல்லிவிட்டு வந்தேன். யோசிக்கக்கூட இல்லை. இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வருடம் ஓடிவிட்டது. பெரிதாக எதுவும் நடக்கவில்லை என்பதுதான் எழுதாததற்குக் காரணம். எதுவும் நடக்கவில்லையா என்பதுதான் எனக்குத் தெரியாதது.

போன் விழுந்த கதையில் ஒன்றுமில்லை. வேளச்சேரியில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது மடியில் இருந்தது முகம் குப்புறத் தரையில். எடுத்துப் பார்த்தால் மேல்பாதியில் பச்சைக் கோடுகள், எங்கே தொட்டாலும் அசையவில்லை. கீழ்ப்பாதியில் படம் மட்டும் தெரிந்தது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் 11,400 ரூபாய் சொன்னார்கள், ஐந்து நாள் ஆகும் என்றார்கள், டேட்டா போனால் பொறுப்பில்லை என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். இரண்டரை வருடப் பழைய போனுக்கு இதெல்லாம் அதிகம் என்று தோன்றியது. ஆபீஸில் கேட்டால் எல்லோரும் ஒரே குரலில் ரிச்சி தெரு.

அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்தேன். கடை என்றால் நாலடி கவுன்ட்டர். நீல நிற ரப்பர் விரிப்பு, மைக்ரோஸ்கோப், ஒரு சூடேற்றும் தட்டு, சுவர் முழுக்க டெம்பர்டு கிளாஸ். பையனுக்கு இருபத்திரண்டு இருபத்து மூன்று வயது இருக்கும். போனை வாங்கி ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு மூன்று விலை சொன்னான். ஒரிஜினல் காம்போ 7,800, ஓஎல்இடி காப்பி 4,600, இன்செல் 2,200. காம்போ என்றால் கண்ணாடி, டச், டிஸ்ப்ளே மூன்றும் ஒட்டியே வருவது. இப்போதைய போன்களில் கண்ணாடியை மட்டும் தனியாக மாற்றுவது பெரிய வேலை. நான் 2,200-ஐ 1,900 ஆக்குவதில் மும்முரமாக இருந்தேன். அந்த மும்முரத்தில் அவன் சொன்ன இன்னொரு வாக்கியம் என் காதில் விழுந்தும் விழாமல் போனது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

விலை படிந்ததும் மாஸ்கிங் டேப்பில் ஒரு துண்டு கிழித்து, பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டான்: "பேட்டர்ன் என்னக்கா?"

"ட," என்றேன்.

சிரித்தான். "பாதிப் பேரு ட தான்க்கா. மீதிப் பேரு ப." டேப்பில் பெரிதாக ட என்று எழுதி, போனின் முதுகில் ஒட்டினான். ஒன்பது புள்ளிகளில் மேலிருந்து கீழே வந்து வலப்பக்கம் திரும்பினால் ட. தமிழ் தெரிந்தவன் விரல் தானாகப் போகிற வழி அதுதான் போலிருக்கிறது. நானும் சேர்ந்து சிரித்தேன். கவுன்ட்டரில் முதுகில் டேப் ஒட்டிய போன்கள் இன்னும் நாலைந்து வரிசையாகக் கிடந்தன. ஒன்றில் நான்கு எண்கள். யாரோ ஒருவர் பிறந்த வருடம் மாதிரி இருந்தது.

வேலையைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். தட்டில் வைத்துச் சூடேற்றி, பசை இளகியதும் ஓரத்தில் ஒரு மெல்லிய பட்டியைச் செருகி மெதுவாக ஓட்டினான். அந்தப் பட்டி பழைய ஏடிஎம் கார்டை நறுக்கிச் செய்தது. எந்த வங்கி என்று பார்க்க முயன்றேன், தெரியவில்லை. உடைந்த டிஸ்ப்ளே எழும்பி வந்ததும் உள்ளே சாம்பல் நிறத்தில் பை மாதிரி பேட்டரி தெரிந்தது. லித்தியம் பேட்டரி அது; ஸ்க்ரூ டிரைவர் நழுவி அதில் ஓட்டை போட்டால் அங்கேயே புகைந்து தீப்பிடிக்கும். அதனாலோ என்னவோ, அந்த இடத்துக்கு வந்தபோது பையன் பேச்சை நிறுத்திவிட்டான். கைவேலை சுத்தம். அதில் எனக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை. "பசை காயணும், டெஸ்ட் பண்ணணும், அரை மணி நேரம் டீ குடிச்சிட்டு வாங்கக்கா" என்றான். போனேன். திரும்பி வந்து பணத்தைக் கொடுத்து, பளபளவென்ற புது முகத்தோடு போனை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வெள்ளைப் படுக்கை விரிப்பு

இரவு சாப்பாடு முடிந்து போனை எடுத்து, திறந்திருக்கும் ஆப்களை ஒவ்வொன்றாகத் தள்ளி மூடினேன். எனக்கு அது ஒரு பழக்கம். கடைசியில் கேலரி நின்றது. நான் அன்று கேலரியைத் திறக்கவே இல்லை. டச் வேலை செய்யாத போனில் எப்படித் திறப்பேன்? தொட்டதும் ஒரு படம் முழுத் திரையில் வந்தது. 2020 ஜூன் மாதப் படம்.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஊரடங்கு நேரத்தில் எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் தையலின் ஓரத்தில் நீர் கசிந்தது. ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம், படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புங்கள் என்றார் டாக்டர். படுத்தபடியே, அதற்கு முந்தைய போனில் நானே எடுத்த படம். அடிவயிறு, தையல், சுற்றிலும் வெள்ளைப் படுக்கை விரிப்பு. முகம் இல்லை. அனுப்பினேன், டாக்டர் மருந்து சொன்னார், ஆறியது. படத்தை அழிக்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. போனில் இருக்கும் ஆயிரக்கணக்கான படங்களில் எதை நாம் அழிக்கிறோம்?

அந்த இரவு முழுக்க ஒரு வழக்கு நடத்தினேன். வாதியும் நானே, பிரதிவாதிக்கு வக்கீலும் நானே. பையன் டச்சைச் சோதிக்கக் கேலரியைத் திறந்திருப்பான். வேகமாகத் தள்ளிப் பார்க்க நீளமான பட்டியல் வேண்டும். அது எங்கே நிற்குமோ அங்கே ஒரு படத்தைத் தட்டியிருப்பான். ஏன் 2020 வரை போக வேண்டும்? வேகமாகத் தள்ளினால் போகத்தானே செய்யும். ஏன் இந்தப் படம்? டிஸ்ப்ளேயில் செத்த புள்ளி இருக்கிறதா என்று பார்க்க வெள்ளையாக ஏதாவது வேண்டும், அந்தப் படத்தில் முக்கால்வாசி வெள்ளைத் துணி. சிறு சிறு கட்டமாகப் பார்க்கும்போது அது வெறும் வெள்ளைதான். இதெல்லாம் நியாயமான விளக்கங்கள். அவற்றைச் சொல்லி முடித்த கையோடு, அவன் அதை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தானா, பக்கத்தில் இருந்தவனிடம் காட்டினானா, தன் போனில் படம் பிடித்தானா என்று மனம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. வீட்டுக்காரர் "தையல் போட்ட வயித்த எவன் பாக்கப் போறான், தூங்கு" என்றார். ஆறுதல் சொல்கிறாராம்.

பேட்டர்னை மாற்றிவிட்டுத்தான் படுத்தேன். மாற்றி என்ன பயன் என்பது வேறு.

அதற்குப் பிறகு படித்தவை

வங்கிக்காரி என்பதால் பயம் வந்தால் படிப்பேன். கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் செய்த ஒரு சோதனை 2022-ல் வெளிவந்தது. லேப்டாப்களில் ஒலி வர உதவும் மென்பொருளான ஆடியோ டிரைவரை மட்டும் முடக்கி வைத்து, உள்ளே கண்காணிப்புப் பதிவையும் ஓடவிட்டு, 16 ரிப்பேர் கடைகளில் கொடுத்தார்கள். அதைச் சரிசெய்ய எந்தப் படத்தையும் திறக்க வேண்டியதில்லை. 6 கடைகளில் சொந்தப் படங்களையும் கோப்புகளையும் துழாவினார்கள். 2 இடத்தில் வெளியே காப்பி எடுத்தும் கொண்டார்கள். பார்த்த தடயத்தை அழித்தவர்களும் உண்டு. பெண்ணுடையது போல அமைத்து வைத்த லேப்டாப்களில்தான் அதிகம் கை வைத்தார்கள். எனக்கு உறுத்தியது இன்னொன்று. பேட்டரி மாற்றுவதற்குக்கூடப் பாஸ்வேர்டு கேட்டார்களாம், பெரும்பாலான கடைகளில். பேட்டரிக்கு எதற்குப் பாஸ்வேர்டு? டிஸ்ப்ளே மாற்றவும் தேவையில்லைதான். சோதித்துப் பார்க்கத் தேவை என்பார்கள். அது என் கண் முன்னால் நானே திறந்து காட்டினால் முடிகிற வேலை.

சரி, தெருக்கடைக்குப் போனதுதான் தப்போ என்று பார்த்தால், அதற்கும் இடமில்லை. 2016-ல் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் ஒரு கல்லூரி மாணவி தன் ஐபோனை முறையாக ஆப்பிளிடமே ரிப்பேருக்குக் கொடுத்தாள். அது ஆப்பிளுக்காக வேலை செய்யும் பெகாட்ரான் நிறுவனத்தின் கலிபோர்னியா மையத்துக்குப் போனது. அங்கிருந்த இரண்டு டெக்னீஷியன்கள் அவளுடைய அந்தரங்கப் படங்களை அவளுடைய ஃபேஸ்புக் கணக்கிலேயே போட்டார்கள். அவளே போட்டாள் என்று நினைத்துச் சிநேகிதர்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. ஆப்பிள் பல மில்லியன் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்ட செய்தி வெளியே வந்தது 2021-ல்தான். கம்பெனி முத்திரை, கண்ணாடிக் கதவு, ரசீது எல்லாம் இருந்தும்.

எனக்கு ஒரு முரட்டுக் கருத்து உண்டு. சர்வீஸ் சென்டரில் போன் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் போய்விடுகிறது. ரிச்சி தெருவில் அது என் மூக்குக்கு முன்னால் பிரிகிறது. நான் மட்டும் டீ குடிக்கப் போகாமல் நின்றிருந்தால், அந்த நாலடி கவுன்ட்டர்தான் சென்னையிலேயே பாதுகாப்பான ரிப்பேர் இடம்.

இன்னும் விசித்திரமான ஒன்றும் படித்தேன். இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழகத்தில் 2017-ல், மாற்று டிஸ்ப்ளேக்குள்ளேயே பத்து டாலருக்கும் குறைவான பாகங்களைக் கொண்டு கள்ளத்தனம் செய்ய முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். நாம் தட்டுவதைப் பதிவு செய்யும், நம் பெயரில் தானே தட்டும். டிஸ்ப்ளேதான் போனின் கை. அந்தக் கையை வேறொருவனுடையதாக மாற்றிவிட்டால் போன் எப்படிக் கண்டுபிடிக்கும்? நம் ஊரில் யாரும் அந்த அளவுக்கு மெனக்கெட வேண்டியதில்லை. "பேட்டர்ன் என்னக்கா" என்று கேட்டாலே போதும்.

கேட்காத கேள்வி

பத்து நாள் கழித்து மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். சாக்கு, கைரேகை. டிஸ்ப்ளே மாற்றியதிலிருந்து விரல் வைத்தால் திறக்கவில்லை. கறுப்பு என்பது சாம்பலாகத் தெரிந்தது, பேட்டரி மதியத்துக்கே மூச்சு வாங்கியது. அவற்றையும் சொல்லலாம் என்று வரிசை போட்டுக்கொண்டு போனேன். உண்மையில் கேட்கப் போனது ஒரே கேள்வி: "கேலரியத் தொறந்தியா தம்பி?"

பையன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். "வாங்கக்கா," என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "அன்னைக்கே சொன்னேனேக்கா, இன்செல் போட்டா ஃபிங்கர் வராதுன்னு," என்றான். காதில் விழுந்தும் விழாமல் போன வாக்கியம் அதுதான். பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பொறுமையாக மறுபடி விளக்கினான். என் போனில் கைரேகை சென்சார் டிஸ்ப்ளேக்கு அடியில் இருக்கிறது. ஓஎல்இடி தானே ஒளிர்வதால் அதன் ஊடாகச் சென்சார் விரலைப் பார்க்கும். இன்செல் என்பது எல்சிடி, பின்னால் விளக்குத் தகடு மறைத்துக்கொள்ளும். அந்த விளக்கு எப்போதும் எரிவதால்தான் கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது, பேட்டரியும் தின்கிறது. என் வரிசையில் இருந்த புகார்கள் எல்லாம் தீர்ந்துபோயின. சொல்லிவிட்டுச் செய்திருக்கிறான். ஒளித்தது ஒன்றுமில்லை.

அடுத்து என் கேள்வி வர வேண்டிய இடம். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், வேற ஏதாச்சும் பிரச்சினையாக்கா என்பது போல. தம்பி வயது, மகன் வயது என்றுகூடச் சொல்லலாம். பார்க்கவில்லை என்றால் நான் அவனைக் கேவலப்படுத்தியதாக ஆகும். பார்த்தேன் என்று எவனும் சொல்லப் போவதில்லை. இல்லை என்று சொன்னாலும் நான் நம்பப் போவதில்லை. எப்படிப் பார்த்தாலும் உதவாத கேள்வி. அதைவிட, கேட்டால் எந்தப் படம் என்று நானே அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததாக ஆகும். "ஒண்ணுமில்லப்பா," என்று எழுந்துவிட்டேன். டெம்பர்டு கிளாஸ் ஒன்று இலவசமாக ஒட்டிக் கொடுத்தான். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாங்கிக்கொண்டேன்.

மெட்ரோவில் வரும்போது, ஓரிகான் பெண்ணுக்காவது என்ன நடந்தது என்று தெரிந்தது என்று ஒரு எண்ணம் வந்தது. வந்ததுமே வெட்கமாக இருந்தது. அவளுக்கு நடந்ததோடு என்னுடையதை வைத்துப் பார்க்கவே கூடாது. ஆனால் தெரியாமல் இருப்பதும் ஒரு பாடுதான். அது எங்கே போய் முறையிடுவது என்று தெரியாத பாடு. ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை ரிப்பேர் உரிமைக்கென்று 2022 டிசம்பரில் ஒரு இணையதளமே திறந்தது. வாரன்டி, உதிரி பாகம் பற்றியெல்லாம் அங்கே பார்க்கலாம். என் கேள்விக்கு எந்தக் கட்டத்தை டிக் செய்வது?

கைரேகை போனதில் இன்னொரு கூத்து. ஒரு நாளைக்கு அறுபது தடவையாவது பேட்டர்ன் போட வேண்டியதாயிற்று. பஸ்ஸில், லிஃப்டில், கவுன்ட்டரில் வாடிக்கையாளருக்கு முன்னால். ட-வை விட்டு ஒரு சிக்கலான கோலம் வைத்திருந்தேன். ஒரே வாரத்தில் அது வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். காசு மிச்சம் என்று நினைத்துப் போட்ட டிஸ்ப்ளே, ரகசியத்தைத் தெருவில் நின்று கோலம் போடுகிற வேலையை எனக்குக் கொடுத்தது.

அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல். வேளச்சேரியில் முழங்கால் தண்ணீரில் பால் வாங்கப் போனபோது போன் கையிலிருந்து நழுவியது. இரண்டு மூன்று விநாடிதான் இருக்கும், எடுத்துவிட்டேன். அன்றிரவே செத்துவிட்டது. ஐபி67 தரம் என்று பெட்டியில் போட்டிருந்தது. ஒரு மீட்டர் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் தாங்க வேண்டும். அந்தத் தாக்குப்பிடிப்பில் பெரும்பகுதி ஓரத்தில் கம்பெனி போட்ட பசையில்தான் இருக்கிறது. வெளிக்கடையில் ஒரு தடவை பிரித்தபின் அந்த வாக்குறுதியை நம்ப முடியாது. நான் பெட்டியில் போட்டிருந்ததை நம்பிக் கொஞ்சம் அலட்சியமாக இருந்துவிட்டேன். போனோடு அந்தப் படமும் போயிருக்க வேண்டும். போகவில்லை, கூகுள் போட்டோஸில் பத்திரமாக இருந்தது. புதுப் போனில் முதல் நாளே அதைத் தேடி அழித்தேன்.

அம்மாவின் போன்

போன மாதம் அம்மாவின் போன் சமையல் மேடையிலிருந்து விழுந்தது. சாம்சங். கண்ணாடி சிலந்தி வலை மாதிரி விரிசல், ஆனால் டச் வேலை செய்தது. அது முக்கியம். சாம்சங் 2022-ல் கொரியாவில் தொடங்கி மெயின்டனன்ஸ் மோடு என்று ஒன்று கொடுத்திருக்கிறது. செட்டிங்ஸில் டிவைஸ் கேருக்குள் இருக்கும். அதைப் போட்டால் போன் அணைந்து, புதிதாக வாங்கினது மாதிரி எழும். படம், மெசேஜ், கணக்கு எதுவும் தெரியாது. திரும்பி வர நம் பூட்டைப் போட வேண்டும். கூகுள் பிக்சலுக்கும் 2023 டிசம்பரில் இப்படி ஒன்று வந்தது. நல்ல ஏற்பாடு, ஒரே ஓட்டை: டச் செத்த போனில் அதைப் போடவே முடியாது. அன்று ரிச்சி தெருவில் என் போன் இருந்த நிலைக்கு எந்த மோடும் உதவியிருக்காது. சிம்மைக் கழற்றியிருக்கலாம், ஓடிபியாவது பத்திரம். அதையும் செய்யவில்லை.

இந்த முறை வேளச்சேரியிலேயே ஒரு கடை. ஓஎல்இடிதான் போடச் சொன்னேன், பேரம் பேசவில்லை. ஸ்டூலை விட்டு எழுவதில்லை என்ற முடிவோடு உட்கார்ந்தேன். இந்தப் பையனும் மாஸ்கிங் டேப்பைக் கிழித்துப் பேனாவை எடுத்தான். "பேட்டர்ன்?"

"தேவையில்லப்பா, மெயின்டனன்ஸ்ல போட்டிருக்கேன்."

போனை ஒரு தட்டு தட்டிப் பார்த்தான். கோபித்துக்கொள்வான் என்று நினைத்தேன். "சூப்பர்க்கா. எல்லாரும் இப்படிக் குடுத்தா நல்லாருக்கும். போன வாரம் ஒருத்தர் வந்து, நீங்க பாத்தப்புறம்தான் ஜிபேல காசு போச்சுங்கறாரு. நான் என்னத்தச் சொல்ல?" என்றான். எழுதாத டேப்பை மேசை ஓரத்தில் ஒட்டிவிட்டு வேலையில் இறங்கினான்.

ஒரு மணி நேரத்தில் முடிந்தது. போனை ஆன் செய்தான். விரல் வேறு எங்கும் போகவில்லை, நேரே கேலரிக்குப் போனது. யோசித்துப் போனது மாதிரித் தெரியவில்லை. காலியாக இருந்ததைப் பார்த்து ஒரு நொடி முழித்தான். "ஒண்ணுமே இல்லியேக்கா, எத வச்சு டெஸ்ட் பண்றது?" அப்புறம் கேமராவைத் திறந்து, எதிர்ச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரை ஒரு படம் எடுத்தான். அந்த வெள்ளைத் தாளை இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கி, மேலும் கீழும் நகர்த்தி, மூலை மூலையாகப் பார்த்தான். நானும் எட்டிப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை. ராகு காலம் 3.00 – 4.30.